நான்கிங் மதிலும் நம் செக்ரோலும்

நம் தோட்டத்திற்கு மூன்று கட்டைத் தொலைவில் ஒரு சிறு பட்டணம் உண்டு. அரிசி பருப்பு வாங்குவதும், நகையை அடகு வைப்பதும், கூரைக்குத் தகரமும் ஆணியும் எடுப்பதும் அங்குள்ள சீனர் கடைகளில்தான். பாட்டனார் காலந்தொட்டு அவர்களோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்து வருகிறது. ஆயினும் அவர்தம் முன்னோர் நாட்டைப்பற்றி நீர் அறிந்தது யாதென்று ஒருவர் வினவின், பெருஞ்சுவர் ஒன்று உண்டென்பதற்குமேல் நாம் வாய் திறக்க இயலாதிருந்தது. நம் தந்தையார் கடன்பட்டு நம்மை ஆங்கில வழிப் பள்ளியொன்றில் சேர்த்தார். லண்டன் கோபுரக் கோட்டையை எழுப்பியவன் யாவன், நார்மானியர் கோட்டைக்கு அகழி எவ்வாறு வெட்டினர் என்பனவற்றை அங்கே படம் வரைந்து ஒப்பித்தோம். பக்கத்துக் கடைக்காரரின் முன்னோர் கட்டிய மதிலைப்பற்றி ஒரு வரியும் படித்திலோம். இக்குறையைப் போக்கியவர் ஓர் இரும்புக்கடைத் தவுக்கே ஆவர்.

அவர் நம்மினும் இருபது வயது மூத்தவர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். அவர் பேச்சை ஈண்டு நம் நடையிற் பெயர்த்துத் தருகிறோம். 2018ஆம் ஆண்டில், நான்கிங் நகரிற் கல்வி பயிலும் தம் மகளைக் கண்டுவரப் புறப்பட்டவர், "கிராணி, உமக்கு லீவு கிடக்கிறதே, எதற்குச் சேர்த்து வைக்கிறீர்? துணைக்கு வாரும்" என்றார். பயணச் செலவை எண்ணிச் சிறிது தயங்கினோம். பின்னர் துணிந்தோம். நான்கிங் என்பதை இந்நாளில் நான்ஜிங் என்றே எழுதுகின்றனர். நாம் பழைய வழக்கைப் பின்பற்றுகிறோம். யாங்சி ஆற்றின் தென்கரையிலுள்ள அந்நகரின் பெயருக்குத் தென் தலைநகர் என்பது பொருள்.

மதிலைக் கட்டுவித்தவன் சூ யுவான்சாங் என்பான். பிறப்பால் ஏழைக் குடியானவன் மகன். 1344ஆம் ஆண்டில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்து அவன் பெற்றோரைக் கொண்டுபோயின. பிழைக்க வழியின்றிப் பௌத்த மடமொன்றில் எடுபிடியாய்ச் சேர்ந்தான். மடத்திலும் சோறு குறையவே ஓடேந்தி ஊரூராகப் பிச்சையெடுத்தான். பின்னர் மங்கோலிய அரசை எதிர்த்த கலகப்படையிற் புகுந்து படிப்படியாய் உயர்ந்து, 1368இல் மிங் வமிசத்தின் முதற் பேரரசனானான். அரியணை ஏறுவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1366இல், மதில் வேலையைத் தொடங்கிவிட்டான். அவ்வேலை இருபதாண்டுகளுக்கு மேல் நடந்தது. பசியை அறிந்தவன் அரசனானால் குடிகள் இன்புறுவர் என்று நாம் எண்ணுவது இயல்பு. அவனோ குடியானவர்க்குச் சில நன்மைகள் செய்தானெனினும், ஐயங்கொண்டு அமைச்சரையும் அவர் சுற்றத்தாரையும் ஆயிரக்கணக்கிற் கொன்றவன். மதிலின் அழகைப் பேசுமுன் இதையும் சொல்லி வைத்தல் நேர்மையாகும்.

சீனர் நகரம் வகுக்கும்போது பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வகுப்பர். அதே அரசன் காலத்தில் எழுந்த சீயான் நகர மதில், நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி நான்கு மூலைகளில் திரும்புவது, சுற்றளவு 13.7 கிலோமீட்டர். நான்கிங் மதிலோ எந்த வடிவத்திலும் அடங்காது. குன்று எதிர்ப்பட்டால் அதன் தோள்மேல் ஏறுகிறது. ஏரி எதிர்ப்பட்டால் கரையோடு வளைகிறது. ஆறு வந்தால் அவ்வாற்றையே அகழியாகக் கொள்கிறது. இங்ஙனம் நெளிந்து நெளிந்து அது 35 கிலோமீட்டர் ஓடிற்று. இன்று எஞ்சியிருப்பது 25 கிலோமீட்டர். உயரம் இடத்திற்கேற்ப 14 முதல் 21 மீட்டர் வரை. மேலே ஞாயில்கள், அதாவது வீரர் மறைந்து நின்று அம்பெய்தற்குரிய பல்வரிசை போன்ற சிறுசுவர்கள், 13,616 இருந்தனவாம்.

முதல் நாள் மாலை, சுவான்வூ ஏரியின் கரையில் நின்று மதிலை நோக்கினோம். சிற்பமில்லை, வண்ணமில்லை, பூவேலையில்லை. சாம்பல் நிறச் செங்கல்லே எங்கும். ஆயினும் கண்ணை எடுக்க முடியவில்லை. மலைச்சரிவில் ரப்பர் நடுமுன் தளமட்டம் பார்த்துப் படிப்படியாய் வரம்பு வெட்டுவர். நல்ல மண்டோர் வெட்டிய வரம்பு மலையோடு ஒட்டி ஓடும். அறியாதவன் வெட்டியது மலையோடு சண்டை போடும். தோட்டத்திற் பிறந்த கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். நான்கிங் மதில் மண்ணோடு சண்டை போடாத மதில். அரண் வகுத்தவன் அழகை நாடினானல்லன். பகைவன் ஏறாத வழி எது, தண்ணீர் புகும் வழி எது என்பவற்றையே நாடினான். அந்த ஏரி நீர் நகருக்குள் பாய மதிலடியிற் செம்பினாலும் இரும்பினாலும் குழாய் பதித்திருக்கின்றனர். தேவைக்கு மிஞ்சிய வளைவு ஒன்றுமில்லாமையே அதன் அழகு என்று நமக்குத் தோன்றிற்று. தவுக்கேயிடம் இதைச் சொன்னோம். "எனக்குக் கால் வலிக்கிறது" என்றார் அவர்.

மறுநாள் தெற்கு வாயிலுக்குப் போனோம். அதன் பழம்பெயர் ஜூபாவ் வாயில், செல்வம் திரட்டும் வாயில் என்று பொருள். 1931 முதல் சூங்ஹுவா வாயில் என வழங்குகிறது. வாயில் என்றால் ஒரு கதவும் இரண்டு தூணும் என எண்ணற்க. 118 மீட்டர் அகலமும் 128 மீட்டர் ஆழமுமுள்ள ஒரு கோட்டையே அது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வளைவு வாயில்கள். அவற்றினிடையே நாற்புறமும் மதில் சூழ்ந்த மூன்று முற்றங்கள். பகைவன் முதற் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறான். அப்போது பின்னாலே மேலிருந்து ஒரு கனத்த கதவு விழுகிறது. அதற்கு ஆயிரங் கட்டிக் கதவு என்று பெயர். கட்டி என்பது நம் பழைய சந்தை நிறையேதான். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. நாற்புறச் சுவர்மேலும் வில்லாளர். இம்முற்றத்தைச் சீனர் சாடி என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். சாடிக்குள் விழுந்த எலியின் கதியை நம் பெண்டிர் நன்கறிவர். சுவர்களுக்குள்ளே 27 நிலவறைகள். 3,000 வீரர் வரை பதுங்கியிருக்கலாமென்பர். வெளியே வெயில் கொளுத்த, அவ்வறைகளில் அடுப்பங்கரைத் தண்ணீர்ப் பானையடிபோல் குளிர்ச்சி.

அவ்வாயிலின் அடியில் எடுக்க எடுக்கக் குறையாத செல்வக் கிண்ணமொன்று புதைக்கப்பட்டதாக ஒரு கதை உண்டு. ஒரு பெருஞ்செல்வனிடமிருந்து அரசன் அதனை வாங்கிப் புதைத்த பின்னரே அடித்தளம் நின்றதாம். கதைக்கென்ன, நம் ஊர்க் கோயில் மதிலுக்கும் இப்படியொன்று சொல்வார்கள். மதில் நின்றது கிண்ணத்தால் அன்று; சுண்ணாம்பில் கலந்த சோற்றால். மலாய்க்காரர் பூலுட் என்னும் பசையரிசியைக் கஞ்சியாய்க் காய்ச்சிச் சுண்ணச்சாந்தோடு கலக்கும் வழக்கம் சீனக் கொற்றரிடம் நெடுங்காலமாய் இருந்தது. செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர் 2010இல் இதனை விளக்கினர். அரிசியிலுள்ள அமைலோபெக்டின் என்னும் மாப்பொருள், சுண்ணாம்பு இறுகும்போது அதன் துகள்களைச் சிறிதாக்கி நெருக்கமாய்ப் பிணைத்து விடுகிறதாம். பசித்தவன் வாய்க்குப் போகவேண்டிய அரிசி சுவருக்குப் போயிற்றே என்று நாம் வருந்தினோம், வருந்திக்கொண்டே வியந்தோம்.

இத்துணைக் காவலும் எதற்கு உதவிற்று? அரசன் 1398இல் இறந்தான், பேரன் பட்டமேறினான். அவன் சிறிய தந்தை வடக்கிலிருந்து படையெடுத்து வந்து, 1402இல் நான்கிங்கின் முன் நின்றான். மதிலை ஒருவனும் இடிக்கவில்லை, சாடிக்குள் ஒருவனும் சிக்கவில்லை. காவல் பூண்டிருந்த தளபதியும் அரச குடும்பத்து இளவரசன் ஒருவனும் ஜின்சுவான் வாயிலை உள்ளிருந்தே திறந்து விட்டனர். உள்ளே புகுந்தவன் பேரரசனாகி, 1421இல் தலைநகரைப் பெய்ஜிங்குக்கு மாற்றினான். மதில் தன் முதற் பெருஞ்சோதனையில் தோற்றதென்று சொல்வதா? தோற்றது மதிலன்று.

இனி, நம் நெஞ்சில் தைத்த விஷயத்திற்கு வருகிறோம்.

வாயிலின் பக்கச் சுவரை ஒட்டி நடக்கையில், செங்கற்களின் விளிம்பிலே எழுத்துக்கள் இருக்கக் கண்டோம். ஒன்றிரண்டில் அன்று, பார்க்குமிடமெங்கும். சில அச்சுக்குத்தியவை, சில ஈரக் களிமண்ணிற் குச்சியாற் கீறியவை. தவுக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்ன எழுதியிருக்கிறது, தவுக்கே?"

"பெயர்கள்" என்றார். "இது மாவட்ட அதிகாரி. இதற்குக் கீழே ஊர் அதிகாரி. இதோ பாரும், இவன் அவர்கள் ஆபீசில் எழுதுகிறவன். உம் ஆள், கிராணி!"

நாம் அவ்வெழுத்தைத் தொட்டுப் பார்த்தோம். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரு கிராணி. தவுக்கே மேலும் படித்தார். அதற்கடுத்துக் குடும்பங்களைத் தொகுதியாக மேற்பார்க்கும் தலைவன், அவனுக்குக் கீழ்ச் சிறுதலைவன், பிறகு சூளைக்காரன், எல்லோர்க்கும் கீழே, கடைசியாக, அந்தச் செங்கல்லை அறுத்த தொழிலாளி. மானேஜர், கிராணி, மண்டோர், தொழிலாளி என்று நம் தோட்டத்தில் நிற்கும் வரிசையே அங்குச் சுட்ட மண்ணில் நின்றது.

செங்கல் வந்த விதம் இது. இன்றைய ஜியாங்சு, அன்ஹுய், ஜியாங்சி, ஹூபெய், ஹுனான் ஆகிய மாகாணங்களிலுள்ள ஊர்களுக்கெல்லாம் கட்டளை போயிற்று. ஊர்தோறும் சூளை மூட்டினர். ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் கனமும் உள்ள கற்கள். ஒன்றைத் தூக்க இரு கையும் வேண்டும். யாங்சி ஆற்று வழியே படகுகளில் ஏற்றி அனுப்பினர். மொத்தம் 35 கோடி இருக்குமென மதிப்பிடுகின்றனர். மண்ணுக்கு மண் நிறம் வேறுபடும். ஜியாங்சியின் ஒரு பகுதியிலிருந்து வந்தவை பீங்கான் மண்ணாற் செய்தவை, வெண்மையாய் இருக்கும். ஆகவே மாலை வெயிலில் சுவரைப் பார்த்தால் ஒரே சாம்பல் நிறமன்று. ஊர்கள் பலவும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் நூறுவகைச் சாம்பல். சிற்பியொருவன் திட்டமிட்டிருந்தால் இது வந்திராது.

நாம் பெரிதும் உள்ளம் நெகிழ்ந்து, "தொழிலாளியின் பெயரைக் கல்லிற் பொறித்துப் போற்றிய அரசு வேறெங்கும் உண்டோ!" என்றோம்.

தவுக்கே நகைத்தார். "போற்றவா? கிராணியாய் இருந்துகொண்டு இப்படிப் பேசுகிறீரே! கல் உடைந்தால் யாரைப் பிடிப்பது? அதற்குத்தான் பெயர். உம் புத்தகத்தில் நீர் எதற்குப் பெயர் எழுதுகிறீர்?"

அவர் சொன்னது மெய். பொருளிற் செய்தவன் பெயரைப் பொறிக்கவேண்டும் என்னும் விதி சீனத்தில் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. முதற் பேரரசனின் சமாதியருகே கண்டெடுத்த சுடுமண் வீரர்களின் உடலிலும் குயவர் பெயர்கள் இருக்கின்றன. நோக்கம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதே. நான்கிங்கில் வந்திறங்கிய செங்கற்களை ஒன்றோடொன்று மோதிப் பார்த்து, உடைந்தால் திருப்பியனுப்பித் தண்டித்தனர் என்றும் சொல்லப்படுகிறது. ஆயினும் பாருங்கள்: தண்டிக்க எழுதிய பெயரே அவ்வேழைக்கு இன்று எஞ்சியது. அவன் பிள்ளைகள் யாவர், அவன் எதனால் இறந்தான், ஒன்றும் தெரியாது. பெயர் இருக்கிறது. சில எழுத்துக்களைத் தவுக்கேயால் படிக்க இயலவில்லை. "தப்பாக எழுதியிருக்கிறான், படிப்பில்லாதவன்" என்றார். அத்தப்புத்தான் நம்மை அவனுக்கு மிகவும் அணுக்கமாக்கிற்று. பேரரசனுடைய ஓவியத்தைப் பார்த்தபோது வராத ஒரு நெருக்கம் அது.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. காரணத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது கோழைத்தனம்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு என்ன பொருளென்பது நம் நேயர்கட்குத் தெரியும். ஒரு நாட்கூலியே ஒரு பேர். மழையால் வேலை நின்றால் அரைப் பேர். காலைப் பிரட்டில் பெயரைக் கூப்பிட்டு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் பெயர் விழாவிட்டால் அன்று அடுப்பில் உலை இல்லை. இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. பழைய புத்தகங்கள் ஆபீசின் பின்னறையில் மூட்டைமூட்டையாய்க் கிடந்தன. 2014ஆம் ஆண்டில் ஆபீசைப் பழுதுபார்க்கும்போது, வேண்டாத தாள்களை அப்புறப்படுத்துமாறு மேலிருந்து கட்டளை வந்தது. பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டவர் நாம். கொல்லைப்புறத்தில் நின்று தீ மூட்டியவரும் நாமே. போருக்கு முற்பட்ட ஆண்டுகளின் புத்தகங்களும் அதில் இருந்தன. திறந்தும் பார்த்திலோம். அறை விசாலமாயிற்றென்று மகிழ்ந்தோம்.

இரண்டு மாதங் கழித்து ஒரு மூதாட்டியார் வந்தார். அத்தோட்டத்து லயத்திற் பிறந்தவர். அப்போது பக்கத்துத் தாமானில் மகன் வீட்டில் இருந்தார். 1943இல், அவர் கைக்குழந்தையாய் இருக்கையில், அவர் தகப்பனாரைச் சப்பானியர் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோயினர். திரும்பவில்லை. அவ்வழியில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகட்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசைவரிசையாய் உள்ளன. போன தமிழரில் மிகப் பலர்க்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. மூதாட்டியார் கேட்டது பெரிதொன்றுமன்று. "கிராணி ஐயா, எங்க அப்பா பேரு பழைய செக்ரோல்ல இருக்கும்னு சொன்னாங்க. ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போயிடறேன். எங்ககிட்ட அவரு படம்கூட இல்ல."

"கறையான் தின்றுவிட்டது, பாட்டி" என்றோம்.

நான்கிங் வாயிலில் தவுக்கே நகைத்தபோது நம் நினைவில் எழுந்தது இந்தச் சொல்தான். நாலாண்டாக அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மதிலின்மேல் நெடுந்தூரம் நடந்தோம். தவுக்கேயின் மகள் சில செய்திகள் சொன்னாள். 1937 டிசம்பரில் சப்பானியர் பீரங்கியால் அத்தெற்கு வாயிலைத் தாக்கினர். மேலிருந்த மாடம் அழிந்தது. டிசம்பர் 13இல் நகரம் வீழ்ந்தது. அதன்பின் வாரக்கணக்கில் நடந்த படுகொலையை உலகம் அறியும். அக்காலத்தில் நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனர், தான் கா கீ தலைமையில் நிதி திரட்டித் தாய்நாட்டுக்கு அனுப்பினர். தவுக்கேயின் பாட்டனாரும் கொடுத்தாராம். இவ்வளவையும் தாங்கிய மதிலை, 1950களில் சொந்த நாட்டு அதிகாரிகளே இடிக்கலாயினர். சாலைக்கு இடைஞ்சல், செங்கல் வேறு வேலைக்கு ஆகும் என்பன காரணங்கள். 35 கிலோமீட்டர் 25 ஆனதற்குப் பெரிதும் காரணம் அதுவே.

அப்போது அம்மாகாணத்துக் கலாசார இலாகாவில் துணைத் தலைவராயிருந்தவர் சூ சியே. பெர்லினிற் கல்வி பயின்ற பொருளியல் அறிஞர். 1930களிலேயே நான்கிங்கின் பழஞ்சின்னங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து நூலாக்கியவர். 1956இல் மதிலை இடிப்பதை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். தெற்கு வாயில் இன்று நிற்பதற்கு அவரும் ஒரு காரணம். மறு ஆண்டே அவரை வலதுசாரியென்று முத்திரை குத்திப் பதவியினின்று இறக்கினர். 1968இல், கலாசாரப் புரட்சியின் கொடுமை தாளாது உயிரை மாய்த்துக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து, 1988இல், அதே மதிலைத் தேசியப் பாதுகாப்புக்குரிய சின்னமாக அரசு அறிவித்தது. அவரும் ஓர் ஆபீசில் உட்கார்ந்து கட்டளை பெற்றவரே. நம்மிடம் வந்த கட்டளையை எதிர்த்திருந்தால் நமக்கு வந்திருக்கக் கூடியது மானேஜரின் முகச்சுளிப்பு, அவ்வளவே.

தவுக்கேயிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர் நகைக்கவில்லை. ஞாயில் இடுக்கின்வழியே ஏரியை நோக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஊருக்குப் போனதும் அந்தக் கிழவியைப் போய்ப் பாரும்" என்றார்.

போனோம். மூதாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார், திட்டவில்லை. "எரிக்கிறதுக்கு முந்தி ஒரு தரம் படிச்சிருக்கப்படாதா ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பின்னறையை நாம் மீண்டும் துருவிப் பார்த்தபோது, ஆடுகிற அலமாரியின் காலுக்கு முட்டாக வைத்திருந்த ஒரு புத்தகம் கிடைத்தது. 1957ஆம் ஆண்டுச் செக்ரோல். அவர் தகப்பனார் பெயர் அதில் இருத்தற்கில்லை. இருந்தும் கொண்டுபோய்க் காட்டினோம். ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததால், முதலிலிருந்து படிக்கச் சொன்னார். நூற்றுப்பன்னிரண்டு பெயர்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், பாம்பு கடித்துச் செத்தவர், பிள்ளைகளோடு இந்தியாவுக்குத் திரும்பியவர் என்று ஒவ்வொருவருக்கும் அவர் ஒன்று சொல்லிக்கொண்டே வந்தார். தம் தாயார் பெயர் வந்தபோது மறுமுறை படிக்கச் சொன்னார். இரண்டு பெயர்களை அக்காலத்துக் கிராணி தப்பாக எழுதிவிட்டாரென்றார். பென்சிலாற் பக்கத்தில் திருத்தி எழுதிக்கொண்டோம்.